விட்டுச் செல்வதும் பற்றிச் செல்வதும்

தென்பெண்ணையாற்றங்கரையில், திருக்கோவலூர் என்னும் திவ்யதேசத்தில், மூவுலகையும் ஈரடியால் தாவி அளந்த திருவிக்கிரமன் தூக்கிய திருவடியோடு சேவை சாதித்தருளுகிறான். அவ்வூருக்கு மேற்கே நெடுந்தொலைவில் கல்வராயன் மலை நீலத்திரைபோல் நிற்கிறது. அம்மலையிலே தோன்றும் கோமுகியும் மணிமுத்தாவும் கள்ளக்குறிச்சிச் சீமையின் கரும்புக்கும் நெல்லுக்கும் நீரூட்டி, முடிவில் வெள்ளாற்றோடு கூடிக் கடலை அடைகின்றன. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, இத்திவ்யதேசமும் அம்மலைப்பகுதியும் ஒரே எல்லைக்குள் அமைந்தன.

திருவிழாக் காலத்தில் இவ்வூர்களின் பிள்ளைகள் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும், கடல் கடந்த தேசங்களிலிருந்துங்கூட, பெற்றோரைக் காணவும் பெருமாளைச் சேவிக்கவும் வந்து சேருகிறார்கள். அவர்களில் பலர் கணிப்பொறிக்கு ஆணை எழுதும் மென்பொருள் தொழிலில் இருப்பவர்கள். தேர்முட்டியின் நிழலில் அமர்ந்து மலையை நோக்கும்போது அவர்கள் வாயிலிருந்து ஒரே பெருமூச்சு எழுகிறது: "இந்த வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட வேண்டும். நாலு மாடு, ஒரு காணி நிலம், அது போதும்." கேட்கும் தந்தைக்கு நெஞ்சு திடுக்கிடுகிறது. நிலத்தை அடகு வைத்துப் படிக்கவைத்த பிள்ளை, மீண்டும் நிலத்துக்கே திரும்புகிறேன் என்கிறானே என்று தாய் கலங்குகிறாள். இப்பெருமூச்சு சோம்பலா, வைராக்கியமா, அன்றி வேறொன்றா என்பதை சாஸ்திரத்தின் ஒளியில் ஆராய்ந்து பார்ப்பது, பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன் தருவதாம்.

அத்தொழிலின் வருத்தம் வெளியே தெரியாதது. நிழலிலே நாற்காலி, கைநிறையச் சம்பளம் என்றுதான் ஊரார் காண்பார்கள். ஆனால் தச்சன் ஒரு கதவு செய்தால் அது மாலையில் நிலையிலே நிற்கக் காண்கிறான். குயவன் வனைந்த பானையில் மறுநாள் சோறு பொங்குகிறது. மென்பொருள் எழுதுகிறவனோ தான் செய்ததைக் கையால் தொட்டதில்லை. அதனால் பயன் பெறுகிறவர் முகத்தைக் கண்டதுமில்லை. வேறொருவர் என்றோ எழுதி விட்டுச்சென்றதை இவன் செப்பனிட, இவன் செப்பனிட்டதை அடுத்த ஆண்டு மற்றொருவர் அழித்து எழுதுகிறார். அமெரிக்காவில் பகலாயிருக்கும்போது இங்கே நள்ளிரவு. அப்போதும் அழைப்பு வந்தால் எழ வேண்டும். இப்போதோ ஆணைகளை எழுதுவதற்கே இயந்திரம் வந்துவிட்டபடியால், கற்றது நாளைக்கு உதவுமோ உதவாதோ என்னும் அச்சமும் சேர்ந்துகொண்டது. உடல் உழையாமலே உள்ளம் தேய்கிறது.

இத்தேய்வுக்கு மேலை நாட்டார் ஒரு பெயர் இட்டிருக்கிறார்கள். நியூயார்க் நகரத்து உளவியல் அறிஞர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் அதைப் பற்றி எழுதினார். எரிந்து கரிந்துபோன விளக்கின் நிலையை ஒத்த பெயர் அது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் அதற்கு மூன்று அடையாளங்களை வரையறுத்தது: சக்தி வற்றிப்போதல், செய்யும் தொழிலில் மனம் விலகிக் கசத்தல், செய்வது பயனற்றது என்ற எண்ணம் தோன்றுதல். அது நோய் அன்று, வேலையிடத்து நெருக்கடி நெடுங்காலம் தீர்க்கப்படாமல் நின்றதன் விளைவு என்றும் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியுள்ளது. ஆகவே, இவ்வாறு வாடுகிறவனைச் சோம்பேறி என்று ஏசுவது அறியாமையே.

பார்த்தனின் பெருமூச்சு

இவ்வெண்ணம் இக்காலத்துக்குப் புதியதும் அன்று. குருக்ஷேத்திரத்தில் இரு சேனைகளுக்கும் நடுவே தேர் நின்றபோது, வில்லாளிகளில் ஒப்பற்றவனான அர்ஜுனனின் கை தளர்ந்தது, காண்டீவம் நழுவியது, தோல் எரிவதாகவும், நிற்க முடியவில்லை என்றும், மனம் சுழல்வதாகவும் சொன்னான். பின்னர் அவன் சொன்னதுதான் கவனிக்கத்தக்கது. குருமார்களைக் கொன்று பெறும் செல்வத்தினும் பிச்சை எடுத்து உண்பதே மேல் என்றான். தன் தொழிலின் சிகரத்தில் நின்ற ஒருவன், எல்லாவற்றையும் உதறிவிட்டு மிக எளிய பிழைப்புக்குப் போய்விட ஆசைப்பட்டான் என்பது ஸ்ரீமத் பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயத் தொடக்கத்திலேயே இருக்கிறது.

பார்த்தசாரதி அப்பெருமூச்சைக் கேட்டு முதலில் கடிந்தான். ஆனால் கடிந்ததோடு நிறுத்தவில்லை. கவலையுற்ற ஒருவனுக்காகத் தேரையும் நிறுத்தி, சேனைகளையும் காக்கவைத்து, 18 அத்தியாயங்கள் அருளிச்செய்தான். வாடி வந்த பிள்ளைக்கு ஒரு மணி நேரம் செவிகொடுக்க இயலாத பெரியோர் இதை எண்ணிப் பார்க்கத் தகும்.

பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் தியாகத்தை மூன்றாகப் பிரிக்கிறான். கடமையை மயக்கத்தால் விடுவது தாமசம். இது துன்பமாயிருக்கிறதே, உடம்பு நோகிறதே என்ற அச்சத்தால் விடுவது ராஜசம். அதனால் தியாகத்தின் பலன் கிட்டாது. பற்றையும் பலனையும் விட்டு, செய்ய வேண்டியதைச் செய்வது சாத்விகம். விடுதல் என்ற செயல் வெளிப்பார்வைக்கு ஒன்றாயிருந்தாலும், எதனால் விடுகிறான் என்பதைக் கொண்டே அது உயர்வும் தாழ்வும் அடைகிறது. ஓடுகிறவன் எவ்வளவு தூரம் ஓடினாலும், எதனிடமிருந்து ஓடுகிறானோ அதைத் தன் நெஞ்சிலேயே சுமந்து செல்கிறான். அவன் மலையேறினாலும் அது கூடவே மலையேறும்.

அளவு என்னும் தர்மம்

ஆனால் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டே கிட என்று கீதை சொல்லிற்று என்று கொண்டால் அதுவும் பிழை. ஆறாம் அத்தியாயத்தில், மிகுதியாய் உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், மிகுதியாய் உறங்குபவனுக்கும் உறங்காமல் விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்கிறான் பகவான். உணவிலும் உலாவுதலிலும் செயலிலும் உறக்கத்திலும் அளவோடிருப்பவனுக்கே அது துன்பம் தீர்க்கும் மருந்தாகிறது.

இதனை இக்காலப் பேச்சுகளோடு ஒப்பிட வேண்டும். இன்போசிஸ் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் கூறினார். லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத் தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 90 மணி நேரம் என்று பேசியது 2025 ஜனவரியில் நாடெங்கும் பரவி விவாதமாயிற்று. ஒரு வாரத்துக்கு உள்ளவை 168 மணி. அதில் 90 போனால் 78 மிஞ்சும். நாளுக்கு ஏழு மணி உறக்கத்துக்கு 49 கழித்தால் 29 மிஞ்சும். அதாவது நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரத்துக்குள் குளியல், உணவு, பயணம், மனைவி மக்கள், முதியோர், சந்தியாவந்தனம், பகவத் சிந்தனை யாவும் அடங்க வேண்டும். அங்கே குறைபடுவது முதலில் உறக்கம், பின்பு உறவு, கடைசியில் பக்தி. இவ்வாறு அளவு தவறிய வேலையை அளவுக்குக் கொண்டுவருவது தொழிலை விட்டு ஓடுவதாகாது, தர்மத்தை மீட்பதேயாகும்.

எளிய தொழில் என்பது எது?

இனி, மலையடிவாரத்து வாழ்வு எளியதுதானா என்பதையும் பார்க்க வேண்டும். பொழுதுபோக்காக வருகிறவனுக்கு மேகம் அருவியும் பெரியார் அருவியும் வெள்ளிமலைச் சாரலின் குளிர்ச்சியும் தெரிகின்றன. அங்கேயே பிறந்து வளர்ந்த மலையாளிப் பழங்குடி மக்களுக்கு அதே மலை வேறாகத் தெரியும். 1976 வரையில் அம்மலை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அதன் பிறகே அரசின் நேர் நிர்வாகத்துக்குள் வந்தது. சாமையும் தினையும் மரவள்ளியும் விளைத்தும், கடுக்காய் பொறுக்கியும் வாழ்கிற அம்மக்களில் பலர், மழை பொய்த்தால் வேலை தேடி வெளியூருக்கு இறங்கிப் போகிறார்கள். நகரத்துப் பிள்ளை எந்த மலைக்கு ஏறிவர ஏங்குகிறானோ, அந்த மலையின் பிள்ளை பிழைப்புக்காக அவனுடைய நகரத்துக்கே இறங்குகிறான். அவர்களுடைய வாழ்நிலையைப் பற்றிச் சென்னை உயர்நீதிமன்றம் 2024இல் தானாகவே முன்வந்து வழக்கெடுத்து விசாரிக்க வேண்டியிருந்தது.

சமவெளியிலும் அப்படியே. கரும்பு நட்டவன் பத்துப் பன்னிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வெட்டிய கரும்பை மூங்கில்துறைப்பட்டுக்கோ கச்சிராயபாளையத்துக்கோ காலத்தில் ஆலை சேர்க்காவிடில் சாறு குன்றும், எடை குறையும். மரவள்ளிக்கு ஒரு பூச்சி வந்தால் ஆண்டு முழுதும் பட்ட பாடு வீணாகும். காட்டுப்பன்றி வந்து போகும் நேரமும், மோட்டாருக்கு மின்சாரம் வரும் நேரமும் பெரும்பாலும் நள்ளிரவே. இரவு வேலையிலிருந்து தப்பி வந்தேன் என்று கழனிக்கு வருபவன், கைவிளக்கோடு வரப்பில் நிற்கும்போது அதே இரவைக் காண்பான்.

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மாண்ட துயரத்தை இம்மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. மாண்டவருள் பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்கு உடலை வருத்தியவர்கள். எளிய தொழில் செய்பவர்க்கு மனச்சுமை இல்லை என்று எண்ணுகிறவர்க்கு அவர்களுடைய வீடுகளே விடை சொல்லும். களைப்பு என்பது கணிப்பொறிக்கு மட்டும் உரிய சொத்து அன்று.

கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவலூர் ஆகிய ஊர்களில் மரத்திலே தெய்வத் திருமேனிகளைச் செதுக்கும் தச்சர்களின் கலைக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உளியும் சுத்தியுமாய் அமர்ந்திருக்கும் அவர்களைக் காண்பவன், என்ன நிம்மதியான தொழில் என்று எண்ணுவான். சங்கும் சக்கரமும் கையில் சரியாக அமையச் செதுக்குவதற்குமுன் அக்கை எத்தனை ஆண்டு மரத்தை வீணாக்கியது என்பதை அச்சிற்பியைத்தான் கேட்க வேண்டும். எந்தத் தொழிலும் தொலைவில் எளிது, அருகில் அரிது.

விட்டவர்கள் எப்படி விட்டார்கள்?

அப்படியானால் விடுவதே கூடாதா எனில், அன்று. குருபரம்பரையில் பெரியதை விட்டவர்கள் உண்டு. அவர்கள் விட்ட விதத்தை நோக்க வேண்டும்.

நாதமுனிகளின் திருப்பேரனாராய் வீரநாராயணபுரத்தில், இன்றைய காட்டுமன்னார்கோவிலில், அவதரித்த ஆளவந்தார், இளமையிலேயே வித்வானை வாதில் வென்று பாதி ராஜ்யம் பெற்று ஆண்டார். அரச காரியங்களின் நெருக்கத்தில் இருந்த அவரை நெருங்க வழியறியாத மணக்கால் நம்பி, அவருக்குப் பிரியமான தூதுவளைக் கீரையை மடைப்பள்ளிக்கு நாள்தோறும் ஆறு மாத காலம் சேர்த்துவந்தார். பின் ஒருநாள் நிறுத்தினார். இலையில் கீரை இல்லாதது கண்டு, கொண்டுவந்தவர் யார் என்று ஆளவந்தார் கேட்டார். அழைத்துவரப்பட்ட நம்பி, தாம் எதையும் பெற வரவில்லை, பாட்டனார் வைத்துப்போன நிதியை ஒப்படைக்க வந்ததாகச் சொன்னார். பின்னர் நாள்தோறும் கீதையின் பொருளை உரைத்தார். நிதி எங்கே என்று கேட்டவரைத் திருவரங்கத்துக்கு அழைத்துச்சென்று, இரு நதிகளுக்கு இடையே பள்ளிகொண்ட பெருமாளையே காட்டிக் கொடுத்தார். ராஜ்யம் கசந்ததால் ஆளவந்தார் அதை விடவில்லை. அரங்கன் இனித்ததால் ராஜ்யம் தானே கையைவிட்டு நழுவிற்று.

குலசேகராழ்வார் சேர நாட்டு அரசர். திருவேங்கடத்தை நினைந்து பாடிய பதிகத்திலே அவர் கண்ட கனவுகள் யாவும் எளிய பிறவிகளைப் பற்றியவை. அம்மலைச் சுனையில் ஒரு குருகாகவேனும், மீனாகவேனும், செண்பக மரமாகவேனும், சிகரமாகவேனும், காட்டாறாகவேனும், அடியார் நடக்கும் வழியாகவேனும் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டார். முடிவில் கருவறை வாசற்படியாய்க் கிடக்க விழைந்தார். அதனாலன்றோ இன்றளவும் திருமால் சந்நிதிப் படி குலசேகரன் படி என்று வழங்கிவருகிறது! அரியணையிலிருந்து படிக்கு இறங்க விரும்பியது ஓய்வுக்காக அன்று. படியில் ஓய்வு ஏது? எல்லோரும் மிதிப்பர். ஆனால் அங்கிருந்து பெருமாளின் பவளவாயைக் கண்டுகொண்டேயிருக்கலாம் என்பதே அவருடைய கணக்கு.

அண்மைக் காலத்தவரைச் சொல்லப்புகின், ஆழ்வாரின் திருநாமத்தையே பெயராகக் கொண்ட வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் கோவில்பட்டியில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, 1969இல் அதை விட்டார். அங்கே நடக்கும் ஆராய்ச்சி மானாவாரி ஏழைக் குடியானவனுக்கு உதவவில்லை என்பதே அவருக்கு இருந்த குறை. 2013 டிசம்பர் 30இல் மறையும் வரை ஊர் ஊராக நடந்து இயற்கை உழவைப் பரப்பினார். விட்ட வேலையினும் பற்றிய வேலை பன்மடங்கு பெரிதாயிருந்தது. தஞ்சை மாவட்டத்தில் பிறந்து, பிரின்ஸ்டனில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, ஸோஹோ மென்பொருள் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2019இல் அமெரிக்காவை விட்டுத் தென்காசியை அடுத்த மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். அவர் தொழிலை விடவில்லை. தொழிலையே கிராமத்துக்குக் கொண்டுவந்தார். 2025 ஜனவரியில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகப் பொறுப்பை விட்டு ஆராய்ச்சியை மேற்கொண்டார். சிலருக்கு மாற வேண்டியது தொழில், சிலருக்கு ஊர், சிலருக்குப் பொறுப்பின் அளவு. எது மாற வேண்டும் என்று பிரித்தறியாமல் எல்லாவற்றையும் ஒருங்கே உதறுவது, காலில் முள் தைத்ததற்குக் காலையே விடுவது போலாம்.

ஆகவே வாடிய பிள்ளை தன்னைத்தானே மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளலாம். ஒன்று: ஒரு மாதம் நன்றாய் உறங்கி, உரிய நேரத்தில் உண்டபின்னும் இவ்வாசை நிற்குமா? நில்லாதெனில் வேண்டியது ஓய்வே. இரண்டு: விட்டுப் போகும் இடத்தின் மிகக் கடினமான நாளைக் கண்டபின்னும் அது இனிக்குமா? அறுவடை நாளை மட்டும் பார்த்து முடிவு செய்யலாகாது. மூன்று: அங்கே யாருக்குத் தொண்டு செய்யப்போகிறேன்? இம்மூன்றாவதற்கு விடை கிடைத்தவன் தயங்காமல் போகட்டும். போகுமுன் கடனைத் தீர்க்கவும், வீட்டாரை உடன்படுத்தவும் வேண்டிய காலத்தைப் பொறுமையோடு கொடுக்கட்டும்.

சுமையை இறக்கும் வகை

போக இயலாதவர்கள் பலர். வீட்டுக் கடனும், தங்கையின் மணமும், பெற்றோரின் மருத்துவமும் அவர்களைக் கட்டியிருக்கின்றன. அவர்களுக்கும் வழி உண்டு. உடையவர் தம் கீதாபாஷ்யத்தில் தியாகத்தை மூவகையாக விளக்குகிறார்: பலன் எனக்கு என்பதை விடுதல், செயல் என்னுடையது என்பதை விடுதல், செய்கிறவன் நானே என்பதை விடுதல். ஸ்ரீவைஷ்ணவர்கள் ஒவ்வொரு கர்மத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் அனுசந்திக்கும் சாத்விக தியாகம் இதுவே. எம்பெருமான் தன் பொருளான இவனைக் கருவியாய்க் கொண்டு, தன் உகப்புக்காகத் தானே இதைச் செய்து முடிக்கிறான் என்ற எண்ணம் வேலையைக் குறைக்காது. ஆனால் வேலையின் மேல் ஏறியிருக்கும் பாரத்தை இறக்கும். எழுதிய ஆணை பிழைபட்டால் திருத்தலாம். பிழையே நான் என்று எண்ணியவனைத் திருத்துவது எளிதன்று. கருவி பழுதுபடாமல் காப்பதும் அதன் உரிமையாளனுக்குச் செய்யும் கைங்கர்யமே. ஆகையால் உறங்குவதும் உண்பதும் அளவுக்கு மீறிய வேலைக்கு இசைய மறுப்பதும் அபசாரம் ஆகா.

இடைகழியில் இருக்கும் பாடம்

திருக்கோவலூரில் ஒரு மழை இரவில், ஓர் இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருந்தார். பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்க, ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம் என்று எழுந்து அமர்ந்தார். பேயாழ்வாரும் வர, இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மூவரும் நின்றனர். அப்போது நான்காவதாக ஒருவர் புகுந்து நெருக்குவது தெரிந்தது. யார் என்று அறியவே அந்தாதியாகிய விளக்குகள் ஏற்றப்பட்டன. நெருக்கியவன் எம்பெருமான் என்பது கண்டனர். ஸ்வாமி வேதாந்த தேசிகன் தேஹளீச ஸ்துதியில், ஆலையில் இட்ட கரும்பு சாறு பொழிவதுபோல் ஆழ்வார்களின் நெருக்கத்தில் அவனுடைய இனிமை பெருகியதென்று அனுபவிக்கிறார். கரும்பு விளையும் இச்சீமைக்கு இதைவிடப் பொருத்தமான உவமை வேண்டுமோ!

நெருக்கடி என்பதாலேயே அது நன்மை ஆகிவிடாது. ஆலையிலே சாறும் உண்டு, சக்கையும் உண்டு. தனியே அகப்பட்டு, சாறு பிழியப்பட்டு, வெளியே எறியப்படுகிறவன் சக்கையாகிறான். இடைகழியில் நிகழ்ந்தது வேறு. அங்கே முதலில் வந்தவர் படுக்கையை விட்டு எழுந்தார். இரண்டாமவர் இருக்கையை விட்டு எழுந்தார். ஒருவருக்கொருவர் இடம் கொடுத்தபின்னரே எம்பெருமான் வந்து புகுந்தான். வேலை வாங்குகிறவர் பணியாளுக்கு இரவை விட்டுக்கொடுப்பதும், பெற்றோர் ஊராரின் பேச்சுக்கு அஞ்சாமல் பிள்ளையின் பெருமூச்சுக்குச் செவிகொடுப்பதும், பிள்ளை தன் கனவுக்காக வீட்டாரின் வயிற்றை மறவாதிருப்பதும் இவ்விடம் கொடுத்தலே.

திருவிழாவுக்கு வந்திருக்கும் அன்பர்கள், உடன் வந்திருக்கும் பிள்ளையின் முகத்தை ஒருமுறை உற்று நோக்குக. அதில் வாட்டம் இருந்தால், சம்பள உயர்வு எப்போது என்று கேளாமல், இரவில் உறக்கம் வருகிறதா என்று கேட்க. அவன் ஊருக்குத் திரும்பினாலும், தொழிலிலேயே நின்றாலும், பற்ற வேண்டியதைப் பற்றியவனாய் இருக்க, ஓங்கி உலகளந்த உத்தமன் தூக்கிய திருவடியின் நிழல் அவன் மேல் விழுவதாகுக.

ஆயனார் திருவடிகளே சரணம்.